கழற்றி வைத்த சில்லுகள்

அன்றைக்கு அந்தப் பட்டறையில் இருந்தவர்கள் நாலு பேர். நான். என்னோடு ஒரே அறையில் குடியிருந்த மன்னார் அண்ணை. பட்டறைச் சொந்தக்காரரான துருக்கியர். அவருடைய மனைவி, கண்ணாடி அடைப்புக்குள் மேசை போட்டு ரெலிபோனையும் கடதாசிகளையும் பார்த்துக்கொள்பவர். வேறு ஒருவரும் இல்லை. இதை இவ்வளவு திருத்தமாகச் சொல்வதற்குக் காரணம் உண்டு. பிறகு நடந்தது யாருடைய பிழை என்று எங்கள் அறையில் பேச்சு வரும்போதெல்லாம், அங்கே இல்லாதவர்களும் இருந்தவர்கள் மாதிரிக் கதைத்தார்கள். ரயரின் அளவைத் தெரிவுசெய்தது நான். துண்டை எழுதித் தந்தது அந்த அம்மா. அதை வாசித்துப் பொருள் சொன்னது மன்னார் அண்ணை. நம்பியது மறுபடியும் நான்.

தொண்ணூறுகளின் நடுப்பகுதி அது. ஜேர்மனியின் சவர்லாண்ட் மலைப்பக்கத்தில், கிறிஸ்மஸுக்கு வைக்கும் நத்தார் மரக் கன்றுகள் வளர்த்து விற்கும் தோட்டம் ஒன்றில் எனக்கு வேலை. இப்படியான தோட்டத்தை ஜேர்மன்காரர் பவும்ஷூலே என்பார்கள். சொல்லைப் பிரித்தால் மரப் பள்ளிக்கூடம். எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவனுக்குக் கடைசியில் இப்படி ஒரு பள்ளிக்கூடம். எழுத்துக்கூட்ட வராத சொல்லில் பாதியை விட்டுவிடுவது என் பழக்கம். கொழும்பில் இருந்த மனைவிக்கு எழுதிய கடிதத்தில் 'ஷூலே ஒன்றில் வேலை' என்று மட்டும் எழுதிவிட்டேன். அவள் யாரிடமோ பொருள் கேட்டு, தான் தங்கியிருந்த லொட்ஜுப் பெண்களுக்கெல்லாம் அவர் அங்கே பள்ளிக்கூடத்தில் வேலை செய்கிறார் என்று சொல்லிவிட்டாள். அதைத் திருத்திச் சொல்ல எனக்கு நாலு மாதம் பிடித்தது. சொன்னபோது அவள் சிரித்தாள். சிரித்தாளா, இருமினாளா என்று அந்த ரெலிபோன் இரைச்சலில் எனக்குத் திடமாகத் தெரியவில்லை. ஒரு கிழமை அதையே யோசித்துக்கொண்டு திரிந்தேன்.

கலியாணம் முடித்து நாற்பத்திமூன்றாம் நாள் நான் வெளிக்கிட்டவன். கிழக்கு பேர்லினின் ஷோனெஃபெல்ட் விமான நிலையத்தில் இறங்கி, ரயிலேறி மேற்குப் பக்கம் வந்து, முகாம் முகாமாக மாறி, இந்த மலைப்பக்கம் வந்து சேர்ந்து, அப்போது ஏழாவது வருஷம். நாற்பத்திமூன்று நாளில் ஒருத்தியைப் பற்றி எவ்வளவு தெரிந்துகொள்ளலாம்? வெறும் தேத்தண்ணிக்குச் சீனியை உள்ளங்கையில் வைத்து நக்கிக் குடிப்பாள். நித்திரையில் போர்வையைக் காலால் தள்ளிவிடுவாள். கோபம் வந்தால் கதவை மெதுவாகச் சாத்துவாள். என்னிடம் இருந்தது இவ்வளவுதான். ரெலிபோனில் அவள் குரல் வரும்போது, முகத்தைப் படத்திலிருந்து எடுத்து அந்தக் குரலுக்குப் பொருத்த வேண்டியிருந்தது. படத்தில் அவள் வாயை மூடிக்கொண்டு இருக்கிறாள். அதனால் சரியாகப் பொருந்தாது.

அவளை அழைப்பதற்கான அன்ட்ராக், அதாவது விண்ணப்பம், வெளிநாட்டவர் அலுவலகத்தில் கிடந்தது. அங்கே இருந்த பெண் மரியாதையானவர். என்னுடைய சம்பளத் துண்டுகளைப் பார்த்து, இது போதும் என்றார். பிறகு வீட்டு ஒப்பந்தத்தைக் கேட்டார். மூன்று பேர் ஒரே அறையில் இருந்த எங்களிடம் இருந்தது கட்டிலுக்கான ஒப்பந்தம். இரண்டு பேருக்குப் போதிய சதுர மீற்றர் உள்ள வீடு இருந்தால் கடதாசி மேலே போகும், இல்லாவிட்டால் இருக்கிற இடத்திலேயே இருக்கும் என்று அவர் சொன்னார். ரெலிபோனில் நான் வீடு கேட்ட இடங்களில் எல்லாம், என் ஜேர்மன் மொழியைக் கேட்ட கையோடு வீடு வேறு யாருக்கோ போய்விட்டிருக்கும்.

இப்படி இருக்கையில் முதலாளி ஒரு நாள் என்னைக் கூப்பிட்டார். மலையின் மேற்பக்கத்துக் கன்று நிலத்தைப் பார்த்துக்கொண்டிருந்த கிழவர் ஓய்வுபெறப் போகிறார், அந்த வேலையோடு மேலே உள்ள சின்ன வீடும் சேரும், வேண்டுமா என்று கேட்டார். ஒரு நிபந்தனை. பனிக்காலத்தில் கடைசிப் பண்ணை வீட்டுக்கு மேலே பனி தள்ளும் வண்டி போகாது. சொந்த வாகனத்தில் எந்த நாளும் ஏறி இறங்கக்கூடியவனாக இருக்க வேண்டும். அந்த வாகனத்தின் கடதாசிகள் எல்லாம் ஒழுங்காக இருக்க வேண்டும். நவம்பர் முதலாம் திகதிக்குள் காட்ட வேண்டும்.

வீட்டைப் பார்க்க நடந்தே போனேன். ஐம்பத்தெட்டுச் சதுர மீற்றர் என்று கிழவர் சொன்னார். நம்பாமல் என் சப்பாத்துக் காலால் அடி வைத்து அளந்தேன். ஒரு படுக்கையறை, ஒரு வரவேற்பறை, விறகு அடுப்பு வைத்த குசினி. குசினியில் இரண்டு யன்னல். ஒன்று பள்ளத்தாக்கைப் பார்த்திருந்தது, மற்றது கன்று வரிசைகளை. கிழவர் தண்ணீர்க் குழாயைப் பற்றி ஏதோ விளங்கப்படுத்திக்கொண்டிருந்தார். நான் மனதுக்குள் என் மனைவியைப் பள்ளத்தாக்கு யன்னலடியில் நிறுத்திப் பார்த்தேன். பிறகு மற்ற யன்னலடிக்கு மாற்றினேன். அங்கே நின்றால் நான் வேலை செய்வது அவளுக்குத் தெரியும். ஆனால் அந்தப் பக்கம் குளிர் காற்று வரும். அவளுக்குக் குளிர் ஒத்துக்கொள்ளுமா என்று யாரிடம் கேட்பது? அவள் என்னோடு இருந்த நாற்பத்திமூன்று நாளும் வெயில்.

என்னிடம் ஒரு பழைய பிக்கப் இருந்தது. வெள்ளை நிறம், யப்பான் வாகனம், நாலு சில்லும் இழுக்கும். ஓய்வுபெற்ற மேசன் ஒருவரிடம் வாங்கினது. அது மேலே போகும் பாதையில் இரண்டாவது வளைவு வரைக்கும் ஏறியது. அதற்கு மேல் ஏறவில்லை. அந்த இடத்தில் மலையின் கல் ஒன்று பாதையின் நடுவில் முதுகை நிமிர்த்திக்கொண்டு நின்றது. இரண்டு பக்கமும் உழவு இயந்திரம் ஓடி ஓடிப் பள்ளமாகிவிட்டதால் கல் இன்னும் உயர்ந்து தெரிந்தது. பிக்கப்பின் பின் அச்சின் நடுவில் பூசணிக்காய் மாதிரி ஒரு இரும்புக் குண்டு தொங்கும், டிபறென்சல். அது கல்லில் போய் முட்டியது. அந்தச் சத்தம் என் பல்லுக்குள் கேட்டது.

அடுத்த ஞாயிறு மன்னார் அண்ணையைக் கூட்டிக்கொண்டு போய் அளந்தேன். சில்லு ஓடும் பள்ளத்திலிருந்து கல்லின் உச்சிக்கு இருபத்திரண்டு சென்ரிமீற்றர். டிபறென்சலுக்குக் கீழே இருபது. மன்னார் அண்ணை ஊரில் உழவு இயந்திரம் ஓட்டி, வள்ளத்து மெசின்கள் திருத்தியவர். என்னைவிட ஆறு வயது மூப்பு. கல்லைச் சுற்றி வந்து காலால் தட்டிப் பார்த்தார்.

"தம்பி, ஒரு அலவாங்கு தா. அரை மணித்தியாலத்திலை கல்லு இல்லை."

காடு முதலாளியுடையது அல்ல, அதற்கு வேறு சொந்தக்காரர், கல்லைத் தொடுவதென்றாலும் அன்ட்ராக் போட வேண்டும் என்று முதலாளி சொன்னதை நான் சொன்னேன்.

"கல்லுக்கும் அன்ட்ராக்கோ?" அவர் கல்லின் மேல் குந்தினார். "அப்ப உதுக்கு எங்களைவிட நல்ல வீசா இருக்கு."

கல் அசையாது என்றால் பிக்கப்தான் உயர வேண்டும். அப்படித்தான் அந்தப் பட்டறைக்குப் போனோம்.

துருக்கியர் காட்டு வேலைக்காரரின் வாகனங்களுக்குப் பெரிய சில்லு போட்டு, உடலை உயர்த்திக் கொடுப்பதில் பெயர் எடுத்தவர். நான் அளவுகள் எழுதிய கடதாசியை நீட்டினேன். அவர் அதைப் பார்க்காமலே, உயர்த்தும் கிட் போட்டால் கல்லைத் தாண்டலாம் என்று நினைத்துத்தானே வந்திருக்கிறாய் என்று கேட்டார். ஓம் என்றேன். எல்லாரும் அப்படித்தான் நினைக்கிறார்கள் என்று சொல்லி, சோக்கட்டி எடுத்து நிலத்தில் ஒரு சில்லும் அச்சும் கீறினார். கிட் உடலைத்தான் உயர்த்தும், அச்சு இருந்த இடத்திலேயே இருக்கும். அச்சை நிலத்திலிருந்து தூக்குவது ரயர் ஒன்றுதான். பெரிய ரயர் போட்டால் அது மட்காட்டில் உரசும். அந்த ரயருக்கு இடம் விடுவதற்குத்தான் கிட்.

நான் அந்தச் சோக்கட்டிச் சில்லைக் கன நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். இவ்வளவு நாளும் பிழையான சாமானுக்குக் காசு சேர்த்திருக்கிறேனோ என்று பயம் வந்தது. இரண்டும் வேண்டும் என்று அவர் சொன்ன பிறகு கொஞ்சம் ஆறியது. பிறகு இரண்டும் வாங்கக் காசு காணுமா என்று கணக்குப் போட்டேன்.

ரயர்கள் சுவரோடு சாய்த்து வைத்திருந்தன. உயரத்தை அங்குலத்தில் சொல்வார்கள். என்னுடையது இருபத்தொன்பது. அங்கே முப்பது இருந்தது, முப்பத்தொன்று இருந்தது, முப்பத்திமூன்று இருந்தது. முப்பத்திமூன்று கிட்டத்தட்ட என் இடுப்பு வரைக்கும் நின்றது. அதன் பல்லுகளுக்குள் என் கைவிரல் முழுதாகப் போனது. கையை எடுக்க மனம் வரவில்லை. அதைப் போட்டால் ஐந்து சென்ரிமீற்றர் உயரும். கல் என்ன, கல்லுக்கு மேலே பனி கிடந்தாலும் போகலாம். ஆனால் என்னுடைய வாகனத்துக்கு அந்த அளவு பொருந்தும் என்று சொல்லும் குட்டாக்டன், அதாவது சான்றுக் கடதாசி, கிடையாது. கடதாசி இல்லாமல் போட்டால் காப்புறுதி செல்லாது. முப்பதுக்குக் கடதாசி உண்டு, ஆனால் கல் முட்டும். முப்பத்தொன்றுக்குக் கடதாசியும் உண்டு, இரண்டரைச் சென்ரிமீற்றர் உயரமும் உண்டு.

இருபதும் இரண்டரையும் இருபத்திரண்டரை. கல்லுக்கும் டிபறென்சலுக்கும் இடையில் அரைச் சென்ரிமீற்றர். என் சின்ன விரலின் நுனி அந்த இடைவெளிக்குள் போகாது.

நான் கேட்ட கேள்விகளுக்கு அந்தத் துருக்கியர் ஏன் எங்களைக் கலைக்கவில்லை என்று இப்போதும் வியக்கிறேன். உயர்ந்தால் வளைவில் பிரளாதா என்று கேட்டேன். முன் விளக்கு எதிரே வருகிறவரின் கண்ணில் அடிக்காதா. பிறேக் குழாய் நீளம் காணுமா. பெரிய சில்லு போட்டால் வேகமானி குறைத்துக் காட்டுமாமே, நான் ஐம்பது என்று நினைத்து ஐம்பத்துநாலில் ஓடி, பொலிஸ் பிடித்து, அது வெளிநாட்டவர் அலுவலகத்துக்குப் போய், அந்தப் பெண் என் கோப்பில் எழுதி... மன்னார் அண்ணை பொறுக்காமல் தமிழில் சொன்னார்.

"தம்பி, நான் வைக்கோல் ஏத்தின உழவு மெசின் பெட்டியோடை குளக்கட்டாலை போனனான். பிரளேல்லை. நீ நிண்ட இடத்திலை பிரண்டு போவாய் போல கிடக்கு."

கண்ணாடி அடைப்புக்குள் இருந்த அம்மா வெளியே வந்தார். இவ்வளவு பயந்தவனுக்கு ஏன் இவ்வளவு உயரமான வாகனம் என்று கணவரிடம் கேட்டிருக்க வேண்டும். நான் வீட்டைப் பற்றிச் சொன்னேன். மனைவியைப் பற்றிச் சொன்னேன். எத்தனை வருஷம் என்று கேட்டார். விரலால் காட்டினேன். அவர் தன்னுடைய விரல்கள் நாலைக் காட்டினார். கணவர் முதலில் வந்து, அவர் நாலு வருஷம் கழித்து வந்தவராம். பிறகு உள்ளே போய், ரெலிபோனில் யாருடனோ கெஞ்சிக் கதைத்தார். வாகனப் பரிசோதனை நிலையத்தில் ஆறு கிழமைக்கு இடம் இல்லையாம். பத்து நாளில் ஒரு டெர்மின், அதாவது முன்பதிவு நேரம், எடுத்துவிட்டார். அதை ஒரு துண்டில் எழுதித் தந்தார்.

முப்பத்தொன்று என்று சொன்னேன். சொன்ன பிறகும் முப்பத்திமூன்றைத் திரும்பிப் பார்த்தேன்.

சனிக்கிழமை எல்லாம் பூட்டி முடிந்தது. சில்லு வெளியே நீட்டிக்கொண்டு நிற்கக் கூடாது என்பதால் மட்காட்டைச் சுற்றிக் கறுத்த ரப்பர்ப் பட்டியும் அடித்தார்கள். பிக்கப்பை வெளியே எடுத்தபோது ரோட்டு எனக்குக் கீழே போய்விட்டது. எதிரே வந்த கார்களின் கூரை தெரிந்தது. நேரே மலைப் பாதைக்குத்தான் விட்டேன். துருக்கியர், முதலில் டெர்மின், அதுவரை ஓடாதே என்று சொல்லியிருந்தார். மனம் கேட்கவில்லை. இரண்டாவது வளைவில் மன்னார் அண்ணை இறங்கி, நிலத்தில் வயிறு பட விழுந்து கிடந்து பார்த்தார். நான் அங்குலம் அங்குலமாக விட்டேன். ஒரு சத்தமும் இல்லை. அவர் எழும்பி, வயிற்றில் ஒட்டின இலையைத் தட்டிக்கொண்டு, வா வா என்று கையைக் காட்டினார். வீட்டு முற்றத்தில் போய் நின்றோம். கிழவர் சாமான் கட்டிக்கொண்டிருந்தார். யன்னல் இரண்டும் திறந்திருந்தன.

துண்டை நான் அன்று பின்னேரம்தான் ஒழுங்காக வாசித்தேன். திகதி, நேரம், அதற்குக் கீழே: சில்லுகளினதும் உயர்த்தலினதும் அப்னாமே.

அப்னாமே என்ற அந்தச் சொல்லை எனக்குத் தெரியும். அல்லது தெரியும் என்று நினைத்தேன். முகாமில் என்னுடைய கடதாசிகளை வாங்கி வைத்தபோது அதிகாரி சொன்ன சொல் அது. எங்கள் அறையில் இருந்த மூன்றாவது ஆள் குடித்துவிட்டு வாகனம் ஓடிப் பிடிபட்டபோது, லைசென்சை எடுத்துக்கொண்ட பொலிஸ்காரரும் அதைத்தான் சொன்னாராம். ஆஸ்பத்திரியில் ஊசியால் இரத்தம் எடுக்கும்போதும் அதுதான் சொல். என்னிடமிருந்து எதையாவது எடுத்தவர்கள் எல்லாரும் அந்தச் சொல்லைச் சொல்லித்தான் எடுத்தார்கள்.

மன்னார் அண்ணையிடம் துண்டைக் கொடுத்தேன். அவர் ஞாயிறு தவறாமல் பூசைக்குப் போகிறவர். கண்ணாடியைப் போட்டு வாசித்தார்.

"இது எனக்குத் தெரிஞ்ச சொல்லுத்தான். கோயில்லை சிலுவைப்பாதைப் படத்துக்குக் கீழை எழுதிக் கிடக்கு. பதின்மூண்டாம் நிலை. யேசுவைச் சிலுவையிலை இருந்து இறக்கிறது."

"இறக்கிறதோ?"

"ஓம். கழட்டி இறக்கிறது. சில்லையும் கழட்டி, உயர்த்தினதையும் இறக்கப் போறாங்கள். அப்பிடித்தான் கிடக்கு."

அந்தத் துருக்கிய அம்மா ஏன் கெஞ்சி அப்படி ஒரு டெர்மின் எடுத்துத் தர வேண்டும் என்று எனக்கு ஒரு முறை தோன்றியது. தோன்றியது, போய்விட்டது. சட்டப்படி அவர்கள் செய்யத்தான் வேண்டும் போல என்று நினைத்துக்கொண்டேன். ஓடாதே என்று சொல்லியும் ஓடினேனே, யாராவது கண்டு சொல்லியிருப்பார்களோ என்றும் நினைத்தேன். பட்டறைக்கு ஒரு ரெலிபோன் அடித்துக் கேட்டிருந்தால் ஒரு நிமிஷத்தில் தெரிந்திருக்கும். கேட்கவில்லை. கேட்டால், எட்டாம் வகுப்போடு விட்டவன் என்று அந்த நிமிஷமே அவர்களுக்குத் தெரிந்துவிடும் என்ற கூச்சம். அந்தக் கூச்சத்துக்கு நான் கொடுத்த விலையைப் பிறகு எண்ணிப் பார்த்திருக்கிறேன்.

போகாமல் விடவும் பயம். அதனால் ஒரு வழி கண்டுபிடித்தோம். டெர்மினுக்கு முதல் நாள், தோட்டத்துக் கொட்டிலுக்குப் பின்னால் வைத்து, நாலு புதுச் சில்லையும் கழற்றினோம். பழையவற்றைப் பூட்டினோம். புதியவற்றைக் கன்று கட்டும் வலைச் சுருள்களுக்குப் பின்னால் அடுக்கி, தறப்பாள் போட்டு மூடினோம். கிட்டைக் கழற்ற எங்களுக்கு ஆயுதம் இல்லை. அது போனால் போகட்டும், சில்லாவது மிஞ்சும். உயர்த்திய உடலுக்குக் கீழே பழைய சின்னச் சில்லுகளோடு பிக்கப் நின்ற கோலம், சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு வெள்ளத்துக்குள் இறங்கப் போகிறவன் மாதிரி இருந்தது. மன்னார் அண்ணை அதைப் பார்த்துச் சிரித்தார். நானும் சிரித்தேன். எங்களுக்கு அன்று உண்மையிலேயே கெட்டித்தனம் செய்துவிட்டோம் என்ற எண்ணம்.

பரிசோதகர் சாம்பல் நிற மேலங்கி போட்ட, மெலிந்த மனிதர். கையில் குட்டாக்டன். கடதாசியைப் பார்த்தார், சில்லைப் பார்த்தார். குனிந்து ரயரின் பக்கத்தில் எழுதியிருந்த அளவை விரலால் தடவி வாசித்தார். வாகனத்தைச் சுற்றி முழுதாக ஒரு சுற்று வந்தார். கடைசியில் என் முன்னால் வந்து நின்று, தான் இங்கே எதை அப்னாமே செய்வது என்று கேட்டார்.

ஒன்றும் இல்லை ஐயா என்றேன். அதைச் சொல்லும்போது எனக்குள்ளே ஒரு நிம்மதி வந்ததை நான் மறைக்கவில்லை. எடுக்க ஒன்றும் இல்லை என்று மறுபடியும் சொன்னேன். இரண்டு கையையும் விரித்தும் காட்டினேன்.

அவர் என் முகத்தைப் பார்த்தார். சிரிக்கவில்லை. அதற்காக அவருக்கு நான் இன்னும் நன்றி உள்ளவன். பிறகு மெதுவாக, சின்னச் சின்னச் சொற்களில் விளங்கப்படுத்தினார். புதுச் சில்லையும் கிட்டையும் தான் பார்த்து, சரி என்று ஏற்று, முத்திரை குத்தி வாகனத்தின் கடதாசியில் எழுதுவதற்குப் பெயர்தான் அப்னாமே. எடுப்பது அல்ல, ஏற்றுக்கொள்வது. சில்லுகள் எங்கே என்று கேட்டார். தறப்பாளுக்குக் கீழே என்று சொல்ல எனக்கு ஜேர்மன் சொல் வரவில்லை. அன்றைக்கு அவருக்கு வேறு நேரம் இல்லை. ஏட்டைப் புரட்டிப் பார்த்தார். அடுத்த டெர்மின் ஐந்து கிழமைக்குப் பிறகு, நவம்பர் இரண்டாவது கிழமையில்.

பட்டறை அம்மா இரண்டு நாள் ரெலிபோன் அடித்துப் பார்த்தார். வேறு நிலையங்களிலும் கேட்டார். கிடைக்கவில்லை. நான் செய்ததைக் கேட்டபோது முகத்தை மறுபக்கம் திருப்பினார். சிரிப்பை மறைக்கிறார் என்று நினைத்தேன். திரும்பியபோது அவர் கண் கலங்கியிருந்தது.

முதலாளியைக் குறை சொல்ல முடியாது. முதலாம் திகதி வந்தது, என்னிடம் கடதாசி இல்லை. ஒரு கிழமை பொறுத்தார். அந்தக் கிழமையே முதல் பனி விழுந்துவிட்டது. கசகஸ்தானிலிருந்து வந்த ஜேர்மன் வம்சத்துத் தம்பதி ஒன்றிடம் கடதாசி ஒழுங்கான ஜீப் இருந்தது. வீடு அவர்களுக்குப் போனது. என்னை அலுவலகத்துக்குள் கூப்பிட்டு, கதவைச் சாத்திவிட்டுச் சொன்னார். வேலை எனக்கு முன்போலவே இருக்கும் என்றும் சொன்னார். நான் நன்றி சொன்னேன்.

கொழும்புக்கு ரெலிபோன் எடுக்க மூன்று நாள் தள்ளிப்போட்டேன். லொட்ஜில் ரெலிபோன் கீழே. யாராவது மேலே போய் அவளைக் கூப்பிட்டு வரும் வரைக்கும் என்னுடைய ரெலிபோன் காட் தேய்ந்துகொண்டே இருக்கும். படியில் செருப்புச் சத்தம் கேட்டது.

"வீடு கிடைக்கேல்லை," என்றேன்.

"ஏன்?"

"நான் ஒரு சொல்லைப் பிழையா விளங்கிட்டன்."

இரைச்சலுக்குள் அவள் மூச்சைத் தேடினேன்.

"இஞ்சேருங்கோ, எந்தச் சொல்லை?"

சொன்னேன். அதற்கு என்ன அர்த்தம் என்று நான் நினைத்தேன், உண்மையில் என்ன அர்த்தம் என்று சொன்னேன். சில்லைக் கழற்றி ஒளித்ததைச் சொன்னேன். சொல்லிக்கொண்டு போகப் போக, அங்கே கதவு ஒன்று மெதுவாகச் சாத்தப்படுவதற்குக் காத்திருப்பவன் போலக் காதை ரெலிபோனோடு அழுத்தினேன்.

"நீர் கோவிக்கிறீரோ?"

"இல்லை." பிறகு, "அந்தச் சில்லுகளை வித்துப்போடாதேங்கோ" என்றாள்.

"ஏன்?"

"அடுத்த வீடும் மேலைதானோ தெரியாது."

காட் முடிந்துவிட்டது. அவள் இன்னும் ஏதோ சொல்லத் தொடங்கியிருந்தாள். ஒரு எழுத்துத்தான் கேட்டது. அது என்ன சொல்லின் முதல் எழுத்து என்று அந்தக் குளிர்காலம் முழுக்க நான் சொற்களை வைத்து வைத்துப் பார்த்தேன்.

நவம்பர் இரண்டாவது கிழமை பரிசோதகர் பிக்கப்பைப் பார்த்து, சரி என்று முத்திரை குத்தினார். பிறகு மேல் நிலத்துக்கு உதவி ஆளாக முதலாளி என்னையும் அனுப்ப, ஒவ்வொரு நாளும் அந்தப் பாதையில் ஏறினேன். கல்லுக்கு மேலால், அரைச் சென்ரிமீற்றர் இடைவெளியில், சத்தம் இல்லாமல். மேலே அந்த வீட்டைக் கடந்துதான் கன்று நிலத்துக்குப் போக வேண்டும். புதிதாக வந்த பெண் பள்ளத்தாக்கு யன்னலுக்குப் பூப்போட்ட திரை தைத்துப் போட்டிருந்தார். மற்ற யன்னலை வெறுமனே விட்டிருந்தார். கன்று வரிசைக்குள் குனிந்து வேலை செய்யும்போது அந்த யன்னல் என் முதுகில் இருக்கும். நிமிர்ந்து திரும்பிப் பார்த்தால் உள்ளே யாராவது அசைவது தெரியும். நல்ல பெண் அவர். சில நாள் எனக்குச் சூடான தேத்தண்ணி கொண்டுவந்து தருவார். வாங்கிக் குடிப்பேன். அடுப்பு எப்படி எரிகிறது, காற்று உள்ளே வருகிறதா என்றெல்லாம் கேட்பேன். குளிர் குறைவு என்றார். நான் நினைத்ததைவிடக் குறைவு. அந்தத் தகவலை வைத்துக்கொண்டு செய்வதற்கு எனக்கு ஒன்றும் இல்லை. ஆனாலும் அடுத்த கடிதத்தில் அவளுக்கு எழுதினேன்: அந்த வீட்டில் குளிர் இல்லையாம்.

அவள் வந்தது அதற்குப் பத்தொன்பது மாதம் கழித்து. பேக்கரி ஒன்றுக்கு மேலே எங்களுக்கு ஒரு வீடு கிடைத்திருந்தது, தட்டையான ரோட்டில். எந்த வாகனமும் வரக்கூடிய இடம். விமான நிலையத்துக்குப் பிக்கப்பைத்தான் கொண்டுபோனேன். கல்லையும் பனியையும் அளந்து அளந்து உயர்த்தியவன், சேலை கட்டிய ஒருத்தி அதில் எப்படி ஏறுவாள் என்று ஒரு நாளும் அளக்கவில்லை. அவள் கதவைப் பிடித்துக்கொண்டு இரண்டு தரம் எத்தனித்தாள். காலை வைக்கப் படி இல்லை. வாகனத் தரிப்பிடத்தில் ஆட்கள் பார்த்துக்கொண்டு போனார்கள். கடைசியில் என் தோளில் கையை ஊன்றி, நான் இடுப்பைப் பிடித்துத் தூக்க, ஏறினாள். படத்தில் இருந்ததைவிட மெலிந்திருந்தாள். பிக்கப் ரோட்டில் ஏறியதும் மற்றக் கார்களின் கூரைகளைப் பார்த்துக்கொண்டே வந்தாள்.

"இவ்வளவு உயரமோ?" என்றாள். நான் ஓம் என்றேன்.

ஒரு சொல்லைப் பிழையாக விளங்கியதால் கூடிப்போன அந்தப் பத்தொன்பது மாதத்தில், வீட்டுக்கு முற்பணம் கட்டிய கடைசி மூன்று மாதம் லொட்ஜுக்கு என்னால் காசு அனுப்ப ஏலாமல் போனது. லொட்ஜ்கார அக்கா அவளை மறிக்கவில்லை. அங்கே போய்ச் சேர்ந்த பிறகு அனுப்புங்கோ என்று சொல்லி, வாசல் வரைக்கும் வந்து வழியனுப்பினாராம். நான் வங்கிக் காசோலை எடுத்து அனுப்பினேன். இரண்டு மாதத்தில் அந்தக் கடிதம் உடைபடாமல் திரும்பி வந்தது. லொட்ஜ் கைமாறிவிட்டது, அக்கா பிள்ளைகளிடம் வெளிநாடு போய்விட்டார் என்றார்கள். எந்த நாடு என்று ஒருவருக்கும் தெரியவில்லை. கொழும்பில் இருந்து வருகிறவர்களிடம் இப்போதும் கேட்கிறேன். மனைவி, இனி விடுங்கோ என்கிறாள். விட முடியவில்லை. மாதம் மூவாயிரத்து இருநூறு ரூபாய்ப்படி மூன்று மாதம். ஒன்பதாயிரத்து அறுநூறு ரூபாய் இன்னும் கொடுக்கவில்லை.